முப்பது வரிசையில் ஒரு கருவிப் பட்டியல்: ஓசின்ட் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வாட்ஸாப்பில் ஒரு வெள்ளப் படம் வருகிறது. ‘நேற்று இரவு, வேளச்சேரி’ என்று கீழே எழுதியிருக்கிறது. அது வேளச்சேரிதானா? நேற்று எடுத்ததா? இதற்கு முன் வேறு ஊர்ப் பெயரில் சுற்றிய படமா? யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தகவல்களை மட்டும் வைத்து இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடுவதுதான் திறந்தமூலப் புலனாய்வு. இந்த வேலையில் இருப்பவர்கள் சுருக்கமாக ஓசின்ட் என்பார்கள். அடுத்தவர் கணக்கை உடைப்பது, கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே போவது எல்லாம் இதில் சேராது. அது குற்றம்.

புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்வது சுட்டிகளைச் சேர்ப்பது. சேர்க்க இடமும் நிறைய உண்டு. ஜஸ்டின் நார்டின் உருவாக்கிய ஓசின்ட் ஃபிரேம்வொர்க், தொடத்தொடக் கிளைவிடும் மரமாக ஏராளமான தளங்களைக் காட்டும். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ‘ஆசம் ஓசின்ட்’ என்ற நீண்ட பட்டியல் இருக்கிறது. பெல்லிங்கேட் என்ற திறந்தமூலப் புலனாய்வுக் குழுவின் கருவிப்பெட்டி பல ஆண்டுகள் ஒரு கூகுள் விரிதாளாக இருந்து, 2024இல் தன்னார்வலர்கள் பராமரிக்கும் தனித் தளமாக மாறியது. மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவை மளிகைக் கடை. சமைக்கும்போது கடைக்கு ஓட முடியாது. கை தானாகப் போய் எடுக்கிற அஞ்சறைப்பெட்டி வேண்டும். அதைத் தயாரிக்கும் முறைதான் கீழே வருவது. ஒருவர் தனியாகச் செய்தால் ஒரு வாரம் பிடிக்கும்.

பட்டியல் ஏன் கெட்டுப்போகிறது

2018 மே 25இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு, ஒரு தளத்தைப் பதிவுசெய்தவர் யார் என்று சொல்லிவந்த ஹூயிஸ் பதிவுகளில் பெயரும் முகவரியும் பெரும்பாலும் மறைக்கப்பட்டன. 2019 ஜூனில் ஃபேஸ்புக், ஆட்களையும் பதிவுகளையும் நுணுக்கமாகத் தேட உதவிய தன் கிராஃப் தேடலின் வழிகளை அடைத்தபோது, அதை நம்பிய கருவிகள் அத்தனையும் சில நாட்களில் படுத்துவிட்டன. 2023 பிப்ரவரியில் ட்விட்டர், வெளி நிரல்கள் தன் தரவை எடுக்க வழிதந்த இலவச ஏபிஐக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் ரெடிட், தன் பதிவுகளைத் தொகுத்துத் தேடவைத்த புஷ்ஷிஃப்ட்டின் அணுகலைத் துண்டித்தது. 2024 தொடக்கத்தில் கூகுள் தேடல் முடிவுகளில் பக்கத்தின் சேமித்த பிரதியைக் காட்டிவந்த ‘கேஷ்’ சுட்டி காணாமல் போனது. 2024 ஆகஸ்ட் 14இல் மெட்டா, பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க உதவிய கிரவுட்டேங்கிளை மூடியது.

இவற்றில் சில இன்றைக்கும் பல பட்டியல்களில் ‘சிறந்த கருவிகள்’ என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கின்றன. எழுதியவரைக் குறைசொல்லிப் பயனில்லை. எழுதிய அன்று அவை வேலை செய்தன. குறை வேறு இடத்தில் இருக்கிறது: கடைசியாக எப்போது சோதித்தோம் என்ற தேதி அந்தப் பட்டியல்களில் இல்லை. தேதி இல்லாத கருவிப் பட்டியல், காலாவதி நாள் அச்சிடாத மருந்துப் பட்டை மாதிரி.

படி 1: கருவியை விடுங்கள், கேள்வியை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் நீங்கள் உண்மையில் தேடப்போகும் கேள்விகளை எழுதுங்கள். செய்தி சரிபார்க்கிறவருக்குப் பெரும்பாலும் இந்த எட்டுக்குள் அடங்கிவிடும்:

இந்தப் படம் முன்பே வந்திருக்கிறதா?
எந்த இடத்தில் எடுத்தது?
எப்போது எடுத்தது?
இந்தப் பக்கத்தில் முன்பு என்ன இருந்தது?
இந்தத் தளத்தின் பின்னால் யார்?
இந்த நிறுவனம் பதிவானதா, இயக்குநர்கள் யார்?
இந்தக் கப்பலோ விமானமோ எங்கே போனது?
இந்தத் தமிழ் ஆவணத்தைத் தேடக்கூடிய எழுத்தாக்குவது எப்படி?

ஆறு கேள்விகளுக்குத் தலா நான்கு கருவி, மீதி இரண்டுக்குத் தலா மூன்று. மொத்தம் முப்பது. ஒரு கேள்விக்கு ஒரே கருவி வைத்தால், அது படுத்த அன்று வேலையும் படுக்கும். 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியபோது, பழைய பக்கங்களைக் காட்டும் அதன் வேபேக் மெஷினை மட்டும் நம்பியிருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அதற்காக ஒரு கேள்விக்குப் பத்துக் கருவி வைத்தாலும் பயனில்லை. எதை முதலில் திறப்பது என்று யோசிப்பதிலேயே பொழுது போகும்.

‘சமூக ஊடகம்’, ‘படம்’, ‘வரைபடம்’ என்று பொருள்வாரியாகப் பிரிக்கத்தான் எல்லோருக்கும் முதலில் கை போகும். வேண்டாம். ஒரே வரைபடத் தளம் ‘எங்கே’ என்பதற்கும் பயன்படும், ‘எப்போது’ என்பதற்கும் பயன்படும். அப்படிப்பட்ட கருவியை இரண்டு கேள்வியின் கீழும் இரண்டு முறை எழுதுங்கள். இரண்டு இடத்திலும் அது தவறும் விதம் வேறு என்பதால் குறிப்பும் வேறாகத்தான் இருக்கும்.

படி 2: விரிதாளைப் போடுங்கள்

சாதாரண விரிதாள் போதும். ஒன்பது நெடுவரிசை: கருவியின் பெயர், முகவரி, எந்தக் கேள்விக்கு, நாம் கொடுப்பது, அது தருவது, கணக்கும் கட்டணமும், நடத்துபவரும் நாடும், எங்கே தவறும், கடைசிச் சோதனை. ‘விளக்கம்’ என்று ஒரு நெடுவரிசை வைக்கத் தோன்றும். வைத்தால் அதில் அந்தத் தளத்தின் விளம்பர வாசகம்தான் வந்து உட்காரும்.

ஒரு வரிசையை முழுதாக நிரப்பிப் பார்ப்போம். கருவி டின்ஐ. கேள்வி: இந்தப் படம் முன்பே வந்திருக்கிறதா? கொடுப்பது: படக் கோப்பு அல்லது படத்தின் சுட்டி. தருவது: அதே படம் தென்பட்ட பக்கங்கள், பழையது முதலில் வரும்படி அடுக்கலாம். கணக்கு: வேண்டாம். நடத்துபவர்: டொரான்டோவிலுள்ள நிறுவனம், கனடா. எங்கே தவறும்: அதே படத்தின் பிரதிகளைத்தான் தேடும், அதே இடத்தை வேறொருவர் எடுத்த படத்தைக் காட்டாது. அது காட்டும் தேதி அந்தப் படத்தை டின்ஐ கண்ட தேதி. படம் வெளியான தேதி அதற்கும் முன்னால் இருக்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி வைக்காததால் ‘இந்தப் படம் முதன்முதலில் இந்தத் தேதியில்தான் வந்தது’ என்று துணிந்து சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பட்டியலிலேயே விலைமதிப்புள்ள நெடுவரிசை ‘எங்கே தவறும்’ என்பதுதான். அது காலியாக இருந்தால், அந்தக் கருவியை நீங்கள் இன்னும் சோதிக்கவில்லை என்று பொருள்.

கட்டண நெடுவரிசையில் வெறுமனே ‘இலவசம்’ என்று எழுதாதீர்கள். நாளைக்கு எத்தனை தேடல், எத்தனை நாள் பழைய தரவு வரை பார்க்கலாம், கடன் அட்டை எண் கேட்கிறதா என்பதை எழுதுங்கள். தேதியை 2025-04-03 என்ற ஒழுங்கில் போடுங்கள். 03/04 என்று போட்டால் ஒரு கணினி ஏப்ரல் 3 என்னும், இன்னொன்று மார்ச் 4 என்னும். பிறகு வரிசைப்படுத்தும்போது எல்லாம் கலைந்துவிடும்.

படி 3: விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சோதியுங்கள்

புதுத் தராசு வாங்கினால் எடை தெரிந்த கல்லைத்தான் முதலில் வைத்துப் பார்ப்போம். கருவிக்கும் அதேதான். படத் தேடலுக்கு ஐந்து படங்கள் கொண்ட ஒரு கோப்புறை தயார் செய்யுங்கள்.

ஒன்று, எல்லோரும் எடுக்கும் கோணத்தில் தஞ்சைப் பெரிய கோயில். இரண்டு, வெளியான நாள் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய செய்திப் படம். மூன்று, அதே செய்திப் படத்தை இடம்வலமாகத் திருப்பியது. நான்கு, ஒரு காணொளியிலிருந்து எடுத்த திரைப்பிடிப்பு. ஐந்து, நீங்களே எடுத்து எங்கும் ஏற்றாத ஒரு தெருப் படம். அதில் யார் முகமும், வண்டி எண்ணும் இருக்கக்கூடாது.

கூகுள் லென்ஸ், பிங், யாண்டெக்ஸ், டின்ஐ நான்கிலும் ஐந்தையும் போடுங்கள். மூன்றாவது படத்தில் எது தடுமாறுகிறது என்று குறியுங்கள். பொய்ப்படம் பரப்புகிறவர்கள் முதலில் செய்வதே இப்படித் திருப்பிப் போடுவதுதான். ஐந்தாவது படத்துக்கு ‘அதே படம்’ என்று எதுவும் வரக்கூடாது. வருவதெல்லாம் ‘இதுபோன்ற படம்’. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள். லென்ஸ் கடைச் சரக்கைக் காட்டித் திசைதிருப்பினால் படத்தில் கட்டடமோ பெயர்ப்பலகையோ உள்ள பகுதியை மட்டும் வெட்டிக் கொடுங்கள்.

பயனர்பெயர் தேடும் கருவிகளுக்குச் சோதனை இன்னும் எளிது. ஷெர்லாக் என்ற நிரல் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு 400க்கும் மேற்பட்ட தளங்களில் அந்தப் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். அது எப்படி முடிவெடுக்கிறது? சில தளங்களில் சேவையகம் தரும் நிலைக் குறியீட்டைப் பார்க்கும், சிலவற்றில் ‘இப்படி யாரும் இல்லை’ என்ற வாசகத்தைத் தேடும், சிலவற்றில் பக்கம் வேறு முகவரிக்குத் திருப்பப்படுகிறதா என்று பார்க்கும். தளக்காரர் அந்த வாசகத்தை மாற்றினாலே போதும். இல்லாத ஆள் இருப்பதாகச் சொல்லிவிடும். எனவே, விசைப்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு 15 எழுத்து தட்டி, அந்த உளறலைத் தேடக் கொடுங்கள். ‘கிடைத்தது’ என்று வரும் ஒவ்வொரு தளமும் பொய் சொல்கிறது. அந்தத் தளங்களின் பெயரை ‘எங்கே தவறும்’ என்பதில் எழுதுங்கள். அடுத்த முறை உண்மையான பெயரைத் தேடும்போது அவற்றைக் கழித்துவிடலாம். ஒரே பயனர்பெயர் இரு தளங்களில் இருந்தால் இருவரும் ஒரே ஆள் என்றும் ஆகிவிடாது. அது தனி வேலை.

கிட்ஹப்பிலிருந்து நிரல் இறக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: கடைசி மாற்றம் எப்போது, ‘இஷ்யூஸ்’ பகுதியில் ‘வேலை செய்யவில்லை’ என்ற புகார்கள் பதிலின்றிக் குவிந்திருக்கின்றனவா, பெயரில் ஓரெழுத்து மாற்றிய போலி நிரலா. நிறுவுவதை வழக்கமான கணினியில் செய்யாமல் ஒரு மெய்நிகர் கணினிக்குள் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக இயங்கும் இன்னொரு கணினி) செய்யுங்கள்.

படி 4: கேள்விவாரியாக எதை எடுக்கலாம்

இடம். கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம். அதன் காலப்பட்டையை நகர்த்தினால் பழைய படங்கள் வரும். ஆனால் திரையில் தெரிவது பல நாள் எடுத்த படங்களை ஒட்டிய பரப்பாக இருக்கலாம். தேதியைப் படிக்கும்போது சுட்டுமுள் சரியாக உங்கள் இடத்தின்மேல் நிற்கட்டும். ஸ்ட்ரீட் வியூ இந்தியாவில் 2022 ஜூலையில்தான் சென்னை உட்படப் பத்து நகரங்களோடு வந்தது. அதனால் அதற்கு முந்தைய தெருக்காட்சி வேண்டுமென்றால் பயனர்கள் ஏற்றும் தெருப்படங்கள் கொண்ட மேப்பில்லரியைப் பாருங்கள். ‘ரயில் பாதைக்கு 200 மீட்டருக்குள் பெட்ரோல் பங்க், அதற்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி’ என்று சேர்த்துத் தேட ஓவர்பாஸ் டர்போ இருக்கிறது. அது தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவில் தேடும். யாரும் வரைந்து வைக்காத ஊரில் ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேரம். சன்கால்க் இடத்தையும் தேதியையும் கொடுத்தால் சூரியன் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் நின்றது என்று காட்டும். நிழலை வைத்து நேரம் கணிக்க இதைவிட எளிய கருவி இல்லை. ஆனால் ஆங்கிலக் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து எழுதியவை. ‘நண்பகலில் நிழல் வடக்கே விழும்’ என்று அவற்றில் இருக்கும். சென்னைக்கு அது ஆண்டு முழுக்கப் பொருந்தாது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் 21இல் ஒரு மீட்டர் கம்பின் நண்பகல் நிழல் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர், தெற்குப் பக்கம். மார்ச் 21 வாக்கில் 23 சென்டிமீட்டர், வடக்குப் பக்கம். கையேட்டை அப்படியே நம்பினால் சித்திரை வெயிலில் எடுத்த படத்தில் தெருவின் திசையே தலைகீழாகிவிடும். இந்தக் குறிப்பை சன்கால்க் வரிசையில் எழுதி வையுங்கள். கன்னியாகுமரியில் இந்த மாற்றம் ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும் என்பதையும் சேர்த்து.

படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தேதி, கேமரா விவரங்களைப் படிக்க ஃபில் ஹார்வியின் எக்ஸிஃப்டூல். வாட்ஸாப், ஃபேஸ்புக், எக்ஸ் மூன்றும் படம் ஏறும்போதே இந்த விவரங்களை உரித்துவிடும். ஆகவே விவரம் இல்லாததால் படம் போலி என்று சொல்ல முடியாது. வாட்ஸாப்பில் ‘ஆவணமாக’ அனுப்பச் சொன்னால் விவரம் தப்பும். கேமராவின் கடிகாரமே தவறாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

செயற்கைக்கோள். கோப்பர்னிக்கஸ் பிரௌசரில் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு புள்ளி 10 மீட்டர். கார் தெரியாது, ஏரி தெரியும், புதிதாகக் கிளம்பிய மனைப்பிரிவு தெரியும். ஐந்து நாளுக்கு ஒருமுறை, உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை பத்தரை வாக்கில் கடக்கும். மாலையில் பற்றி இரவில் அணைந்த தீயை அதில் தேடிப் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னைமேல் வெறும் மேகமாக இருக்கும். அப்போது அதே தளத்தில் சென்டினல்-1 ரேடார் படத்துக்கு மாறுங்கள். ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். தேங்கிய நீர் கறுப்பாகத் தெரியும். புதியவர்கள் தார்ச்சாலையையும் விமான ஓடுதளத்தையும் நீர் என்று நினைப்பதுண்டு, அவையும் கறுப்புத்தான். வெள்ளத்துக்கு முந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

தீக்கு நாசாவின் ஃபர்ம்ஸ். செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் உணரியின் ஒரு புள்ளி 375 மீட்டர், மோடிஸ் உணரியின் புள்ளி ஒரு கிலோமீட்டர். சூட்டை மட்டுமே அது காணும்; எரிவாயுக் கிணற்றின் சுடரும் இரும்பு உலையும்கூடத் ‘தீ’ என்று வரும். அதே இடத்தில் ஆறு மாதமாகப் புள்ளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய பக்கம். வேபேக் மெஷின், ஆர்க்கைவ் டுடே, உங்கள் கணினியிலேயே முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாகச் சேமிக்கும் சிங்கிள்ஃபைல் உலாவி நீட்சி. மூன்றும் வேண்டும், ஏனென்றால் தளத்துக்காரர் கேட்டுக்கொண்டால் வேபேக் தன் பிரதியை விலக்கக்கூடும். வேபேக் முகவரியில் வரும் 14 இலக்க எண்தான் நேரம்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது உலகப் பொது நேரம். 20240131200000 என்றிருந்தால் ஜனவரி 31 இரவு எட்டு மணி என்று தோன்றும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் பிப்ரவரி 1, அதிகாலை ஒன்றரை. ‘அறிவிப்பு வரும் முன்பே பக்கம் மாற்றப்பட்டது’ என்ற வகை வாதங்கள் பல இந்த ஐந்தரை மணியில்தான் உடையும்.

தளத்தின் பின்னால் யார். ஹூயிஸுக்கு வாரிசாக வந்தது ஆர்டாப். 2025 ஜனவரி 28 முதல் டாட் காம் போன்ற பொதுவான தளப்பெயர்களுக்கு அதுதான் முறைப்படியான வழி. பெயர் மறைந்திருந்தாலும் பதிவான நாள் தெரியும். பாதுகாப்புச் சான்றிதழ்களின் பொதுப் பதிவேட்டைத் தேட சிஆர்டி.எஸ்எச். ‘பத்து ஆண்டாக இயங்கும் செய்தி நிறுவனம்’ என்று சொல்லும் தளத்துக்கு முதல் சான்றிதழ் போன மாதம்தான் என்றால் கேள்வி கேட்கலாம். ஆனால் 2018 ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு கொடுத்த சான்றிதழ்களுக்குத்தான் குரோம் இந்தப் பதிவைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய வெறுமையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நிறுவனம். இந்தியாவுக்கு கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம். அங்கே கிடைக்கும் 21 எழுத்து சிஐஎன் என்ற நிறுவன அடையாள எண்ணே பாதிக் கதை சொல்லிவிடும். முதல் எழுத்து பங்குச்சந்தையில் உள்ளதா இல்லையா. அடுத்த ஐந்து இலக்கம் தொழில். இரண்டு எழுத்து மாநிலம். நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. மூன்று எழுத்து நிறுவன வகை. கடைசி ஆறு பதிவு எண். தமிழ்நாட்டு நிறுவனம் என்றால் ‘டிஎன்’ என்றுதான் இருக்கும் என நினைத்து வடிகட்டினால் கோவைப் பதிவாளரின் கீழ் பதிவானவை நழுவிவிடும், அவற்றுக்கு ‘டிஇசட்’. வெளிநாட்டுக்கு ஓப்பன்கார்ப்பரேட்ஸ், பிரிட்டனுக்கு கம்பெனீஸ் ஹவுஸ். புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பான ஐசிஐஜேயின், கசிந்த வெளிநாட்டு நிறுவன ஆவணங்கள் கொண்ட ஆஃப்ஷோர் லீக்ஸ் தரவுத்தளத்தில் ஒரு பெயர் இருப்பதே குற்றமாகிவிடாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

கப்பல். மரைன்டிராஃபிக் போன்ற தளங்களில் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெயரும் கொடியும் மாறும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ஐஎம்ஓ எண் அந்தக் கப்பலுடனே கடைசிவரை இருக்கும். எண் சரியா என்று காகிதத்திலேயே பார்க்கலாம். முதல் ஆறு இலக்கத்தை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9074729க்கு 63, 0, 35, 16, 21, 4; கூட்டினால் 139. கடைசி 9, சரி. கப்பலின் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி சர்வதேச விதிப்படி கட்டாயம் என்பது முக்கியமாக வெளிநாட்டுப் பயணம் போகும் 300 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு. பாக் நீரிணையில் மீன்பிடிக்கும் படகுகளில் பலவற்றை இதில் தேடினால் கிடைக்காது. பெரிய கப்பலும் கருவியை அணைத்து வைக்கலாம், பொய் இடம் காட்டலாம். விமானத்துக்கு ஃப்ளைட்ரேடார்24உம் ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்சும். முன்னது சில விமானங்களை உரிமையாளர் கேட்டால் மறைக்கும் என்பதால் இரண்டும் வேண்டும்.

தமிழுக்கென்று தனி வரிசைகள்

இந்தப் பகுதி எந்த ஆங்கிலப் பட்டியலிலும் இருக்காது. யூனிகோடு பரவும் முன் வந்த தமிழ்த் தளங்களும் ஆவணங்களும் பாமினி, திஸ்கி, வானவில் என்று ஆளுக்கொரு குறிமுறையில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறிமுறையையும் தரமாக ஏற்றதே 2010இல்தான். வேபேக்கில் ஒரு பழைய தமிழ்ப் பக்கம் கிடைத்து, அதில் பெயரைத் தேடினால் ஒன்றும் வராது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலக் குப்பை. அந்தக் குப்பையை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழிலோ போட்டால் யூனிகோடாகும். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு பத்தியைக் கண்ணால் ஒப்பிடுங்கள். தவறான குறிமுறையைத் தேர்ந்தால் பாதிச் சொல் சரியாகவும் பாதி உளறலாகவும் வரும்.

ஸ்கேன் செய்த அரசாணை, பட்டா நகல் போன்றவற்றுக்கு படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் நிரலைத் தமிழ் மொழிக் கோப்போடு நிறுவலாம். அது சிரமம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி ‘டாக்ஸ்’ஆகத் திறந்தால் எழுத்தைப் பிரித்துத் தரும். எண்களை ஒருபோதும் அப்படியே நம்பாதீர்கள். சர்வே எண்ணில் 3 என்பது 8 ஆவது அன்றாடம் நடப்பது.

பெயர்த் தேடல் இன்னொரு தலைவலி. ழகரத்தை ஆங்கிலத்தில் ‘இசட்-எச்’ என்றும் எழுதுவார்கள், வெறும் ‘எல்’ என்றும் எழுதுவார்கள். தூத்துக்குடி ஒரு பதிவில் டூட்டிகோரின், அடுத்ததில் தூத்துக்குடி. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணையிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்ற கதையும் உண்டு. முன்னெழுத்து ஒரு ஆவணத்தில் முன்னால் வரும், இன்னொன்றில் விரிந்து பின்னால் வரும். விரிதாளில் ஒரு தனித் தாள் திறந்து, தேடும் ஒவ்வொரு பெயருக்கும் எழுத்து வடிவங்களை எழுதிவிட்டுத் தேட ஆரம்பியுங்கள். நான்கு வடிவமாவது வரும்.

படி 5: கருவி உங்களைப் பார்க்கிறது

நீங்கள் ஏற்றும் படம் அந்த நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவர், குழந்தை, தகவல் கொடுத்தவர் இருக்கும் படத்தை எந்தத் தேடுபொறியிலும் ஏற்றாதீர்கள். பின்னணியை மட்டும் வெட்டி எடுங்கள். சந்தேகச் சுட்டிகளைச் சோதிக்கும் யூஆர்எல்ஸ்கேனில் ‘பொது’ என்ற தேர்வோடு ஒரு சுட்டியைச் சோதித்தால் அந்தச் சோதனை எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் வந்த தனிச்சுட்டி என்றால், அனுப்பியவருக்கும் விஷயம் போய்விடும். கோப்பில் வைரஸ் உள்ளதா என்று பார்க்கும் வைரஸ்டோட்டலில் ஏற்றும் கோப்பை அதன் கட்டண வாடிக்கையாளர்கள் இறக்கிக்கொள்ளலாம். ரகசிய ஆவணத்தை ஏற்றாமல் அதன் ஷா-256 கைரேகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் தனித்த எண்) மட்டும் கொடுத்துத் தேடுங்கள். லிங்க்ட்இன்னில் உங்கள் கணக்கோடு போனால் யார் பார்த்தார் என்று எதிராளிக்குத் தெரியலாம். உலாவியில் வேலைக்கென்று தனி சுயவிவரம் ஒன்று வைத்து, அதில் சொந்தக் கணக்கு எதிலும் நுழையாமல் இருப்பது குறைந்தபட்ச ஒழுங்கு.

முகத்தைக் கொடுத்து ஆளைத் தேடும் தளங்களும், கைபேசி எண்ணைக் கொடுத்து ஆளைச் சொல்லும் செயலிகளும் தொடக்கநிலைப் பட்டியலில் வேண்டாம் என்பது எங்கள் முடிவு. பிந்தையவற்றில் பல உங்கள் தொடர்புப் பட்டியலையே விலையாகக் கேட்கும். முந்தையவை, பின்தொடர்ந்து தொல்லை தருகிறவன் கையில் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. கசிந்த கடவுச்சொல் குவியல்களும் அப்படியே. உங்கள் மின்னஞ்சல் கசிந்ததா என்று பார்க்க ட்ராய் ஹன்டின் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ போதும்.

படி 6: மூன்று மாதத்துக்கு ஒருமுறை

நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள். தானாகச் சுட்டி சரிபார்க்கும் நிரலை மட்டும் நம்பக்கூடாது. பக்கம் திறந்தால் அது ‘நலம்’ என்று சொல்லிவிடும். கைவிடப்பட்ட கருவியின் தளப்பெயரைச் சூதாட்டக்காரர் வாங்கி வைத்திருந்தாலும் பக்கம் திறக்கத்தான் செய்யும். அதே ஐந்து படம், அதே உளறல் பெயர், அதே கப்பல் எண் கொண்டு கையால் சோதியுங்கள். ஒரு கருவிக்கு நான்கு நிமிடம் என்றால் முப்பதுக்கு இரண்டு மணி நேரம்.

செத்த கருவியை அழிக்காதீர்கள். ‘மயானம்’ என்று ஒரு தாள் வைத்து அங்கே நகர்த்துங்கள்: எப்போது நின்றது, ஏன், பதிலுக்கு எது. ஆறு மாதம் கழித்து யாராவது அதே கருவியை ‘புதுசு’ என்று கொண்டுவருவார்கள், அப்போது உதவும். பழைய கட்டுரை ஒன்றில் அந்தக் கருவியின் முடிவைப் பயன்படுத்தியிருந்தால், அதை மறுபடி சரிபார்க்க முடியாது என்பதும் அந்தத் தாளிலிருந்துதான் தெரியும்.

வெளியிடுவதானால்

விரிதாளைப் பார்க்க மட்டும் அனுமதித்து, திருத்தப் பரிந்துரைகளுக்குத் தனிப் படிவம் வையுங்கள். எல்லோரும் எழுதலாம் என்று விட்டால் ஒரு மாதத்தில் சொந்தக் கருவி விற்பவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். மற்றவர் பட்டியலிலிருந்து கருவியின் பெயரை எடுக்கலாம், அவர் எழுதிய விளக்கத்தை அப்படியே எடுக்கக்கூடாது. உரிமக் குறிப்பைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். மேலே இரண்டு தேதி இருக்கட்டும்: எப்போது தொடங்கியது, முழுப் பட்டியலையும் கடைசியாக எப்போது சோதித்தது.

பரிந்துரைகள் வர ஆரம்பித்தால் பட்டியல் வீங்கும். அறுபது கருவி ஆனால் சோதனைக்கு நான்கு மணி நேரம். இரண்டாவது காலாண்டிலேயே தள்ளிப்போடுவீர்கள். அதனால் முப்பத்தோராவது கருவி உள்ளே வரவேண்டுமென்றால் ஒன்று வெளியே போகட்டும். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூடத் திறக்காத வரிசையைப் பாருங்கள். அதற்காகவே ‘கடைசியாகப் பயன்படுத்திய நாள்’ என்று பத்தாவது நெடுவரிசை ஒன்றை இந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.